எம்.எஸ்சி.யா, வேலையா: நான் முடிவெடுத்த விதம்

பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில், நான் வேலைக்குப் போனால் தேவலை என்றார் அப்பா. தம்பி பிளஸ் டூவுக்குப் போகவிருந்தான். மேலே படி என்றார் மதுரையில் என் கல்லூரிப் பேராசிரியை. இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. எனக்கு ஆராய்ச்சி ஒத்துவருமா என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது. அதனால் இரண்டு இடத்திலும் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று அறிந்துகொள்ள நினைத்தேன்.

கோடை விடுமுறையில் காமராசர் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் இருக்க மேடம் அனுமதி வாங்கித் தந்தார். உசிலம்பட்டியிலிருந்து மதுரை பஸ் ஏறினால் செக்கானூரணி தாண்டி இறங்கலாம். அங்கே ஆராய்ச்சி மாணவி அக்கா ஒருவர், கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனிப் பொட்டுகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டு போடக் கற்றுக்கொடுத்தார். அடிக்கோட்டைப் பென்சிலால்தான் போட வேண்டும். பேனா மை கரைப்பானோடு மேலே ஏறிவிடும். நுண்குழாயால் பொட்டு வைத்து, கரைப்பானில் நிறுத்தி, காயவைத்து, 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தால் பச்சை ஒளிர்வின் நடுவே பொட்டுகள் கருமையாகத் தெரியும். ஒன்று வரவேண்டிய இடத்தில் மூன்று வந்தன. அக்கா வினையின் வெப்பநிலையைக் குறைத்தார், வினையூக்கியின் அளவை மாற்றினார். மறுநாளும் மூன்றுதான். "இதுதாம்மா தினமும்" என்றார். எனக்குச் சலிக்கவில்லை. அந்த மூன்றாவது பொட்டு என்ன பொருளாக இருக்கும் என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

ஓசூர்ப் பக்கம் மருந்துத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறார் என் அத்தை மகள், எனக்கு மதினி முறை. மாத்திரையில் மருந்தின் அளவு வரம்புக்குள் நிற்கிறதா என்று எச்.பி.எல்.சி. கருவியில் பார்ப்பது அவர் வேலை. ஒவ்வோர் எடையையும் அப்போதே பதிந்து கையெழுத்திட வேண்டும். முடிவு வரம்பு மீறினால் விசாரணை. "சாப்பிடுகிறவர்கள் நம்மை நம்பித்தானே விழுங்குகிறார்கள்" என்று அவர் சொன்னபோது அந்த வேலையின் மீது மரியாதை கூடியது. அதை இரண்டாந்தரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அங்கே எதிர்பாராத முடிவை ஒழித்தாக வேண்டும். நானோ அதைப் பின்தொடர்ந்து போக ஆசைப்பட்டேன்.

அப்பாவிடம் ஆசையை மட்டும் சொன்னால் போதாது. தாளில் கணக்கு எழுதிக் காட்டினேன். எம்.எஸ்சி. 2 ஆண்டுகள், வருமானம் இல்லை. பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து ஆராய்ச்சியில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய்; இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. "கிடைக்காவிட்டால்?" என்று அதையே சுற்றிச் சுற்றிக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். மதினி பார்க்கும் வேலைக்கு அப்போதும் போகலாம், பி.எட். முடித்துப் பள்ளிக்கும் போகலாம் என்றேன். "ஹாஸ்டல் செலவு கட்டாதும்மா, மதுரையிலேயே என்றால் படி" என்றார்.

ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வும் எழுதினேன்: பிப்ரவரியில், 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். ஐ.ஐ.டி.க்கான தரவரிசை வரவில்லை. வந்திருந்தால் அப்பாவிடம் இன்னொரு சுற்றுப் பேச வேண்டியிருந்திருக்கும். இப்போது மதுரையில் எம்.எஸ்சி. படிக்கிறேன்.

என் தோழி வேலைக்குப் போனாள். ஜாமுக்கு வயது வரம்பு இல்லை என்பதால் வேலை பார்த்துக்கொண்டே அதற்குப் படிக்கிறாள். அதன் விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கிவிடும். கோடையில் ஆய்வகத்தில் இருக்க விரும்புகிறவர்கள் மார்ச்சுக்குள்ளாவது பேராசிரியர்களுக்கு எழுதிக் கேளுங்கள். தேர்வு முடிந்து கேட்டால் இடம் இருக்காது.