விவியெனின் கை

நேற்று ராத்திரி வீடியோ கேமில் மறுபடியும் அந்தப் படுக்கையறைக்குப் போனேன்.

பிரபு சாகக் கிடக்கிறார். விவியென் பக்கத்தில் இருக்கிறாள். டிராகன் மாதிரியான வெள்ளை வைவர்ன் ஒன்றைக் கொன்று அதன் இதயத்தை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். மருந்தைப் புகட்டுகிறாள். அவர் ஒரு கணம் விழிக்கிறார், அவ்வளவுதான், போய்விட்டார்.

அரசவையே அஞ்சும் மந்திரக்காரி. வெள்ளியுடை, கொம்பு வைத்த தலையணி, எப்போதும் நிமிர்ந்த கழுத்து. அந்த ஓர் அறையில் மட்டும் அவள் குரல் தணிந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

2014-இல் வந்த ‘டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்’ என்ற கேம் அது. அதில் வரும் எட்டுப் பேரை ஆடுகிறவர் காதலிக்கலாம். கூடவே வரும் ஒரே கறுப்பினப் பெண் விவியென். அவளோடு காதல் கிடையாது.

அவளுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார், அந்தப் பிரபுதான், சரி. நல்ல கதைதான். ஆனால் அவர் இறந்த பிறகும் அந்தக் கதவு திறப்பதில்லை.

அப்புறம் 2023-இல் ‘பால்டர்ஸ் கேட் 3’. வில் என்ற கறுப்பின இளைஞன் இருக்கிறான், அவனைக் காதலிக்கலாம், சந்தோஷம். பெண்களில்? சிவப்புத் தோலும் கொம்பும் உள்ள கார்லாக்கைக் காதலிக்கலாம். அவளை எனக்கும் ரொம்பப் பிடிக்கும். கூட வருகிறவர்களில் கறுப்பினப் பெண் ஒருத்திகூட இல்லை.

கொம்பை, வாலை, பச்சைத் தோலைக் கற்பனை செய்ய முடிந்தவர்களுக்கு இது ஏன் வரவில்லை?

விவியெனைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குத் திரும்பினேன். அவள் வழக்கமான மாடத்தில் போய் நின்றுகொண்டாள். நானும் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றேன்.