தண்டவாளத்துக்குக் கிழக்கே

ஏப்ரல் 29

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தேர்வு முடிந்துவிட்டது. காலையிலிருந்து ஆட்டோக்கள் மெத்தை, பெட்டிகளோடு சிதம்பரம் ரயிலடிக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன. ஊருக்குக் கொண்டுபோக முடியாதவை எல்லாம் என் பைண்டிங் கடை வாசலுக்கு வந்து சேரும். இன்று இரண்டு வாளிகளும், பிடி உடைந்த இஸ்திரிப் பெட்டியும், ஒரு மேசை விசிறியும். "வைத்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி" என்று விசிறியைத் தந்த பாலக்காட்டுப் பையனுக்கு அதை மூன்று வருடத்துக்கு முன் இருநூறு ரூபாய்க்கு விற்றவளே நான்தான். அதற்கு முன் வேறொருவன் விட்டுப்போனது. பையனுக்கு நினைவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

மே 10

கத்திரி வெயில். அண்ணாமலை நகரில் தெருவுக்கு நாலு பேர்கூட இல்லை. எதிர் மெஸ்ஸைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விடுதி நாய்கள்தான் பாவம். பரோட்டா தின்று வளர்ந்தவை; மோர்ச்சோறு வைத்தால் முகர்ந்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்க்கின்றன.

மாலையில் தண்டவாளத்தைத் தாண்டி, மேலவீதியில் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அந்தப் பக்கம் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. நடராஜருக்குக் கோடை விடுமுறை கிடையாது. "உங்கள் யுனிவர்சிட்டிப் பக்கம் வெறிச்சோடிக் கிடக்குமே" என்றாள் நாத்தனார், ஏதோ கடல் தாண்டி இருக்கும் ஊரைச் சொல்வதுபோல. அவர்கள் நகராட்சி, நாங்கள் பேரூராட்சி. அவர்களுக்கு ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை. எங்களுக்கு ஆண்டுக்கு இரண்டு செமஸ்டர். கிளம்பும்போது கத்திரிக்காய் கொத்சு ஒரு தூக்கு நிறையக் கொடுத்தாள். அதில் மட்டும் இரண்டு ஊருக்கும் சண்டையில்லை.

மே 23

விடுமுறையில் எனக்குச் சோறு போடுவது ஆய்வேடுகள்தாம். இன்று பரங்கிப்பேட்டையில் உள்ள கடல் உயிரியல் மையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வெள்ளாற்றுக் கழிமுகத்து நண்டுகளைப் பற்றிய ஆய்வு, ஐந்து படிகள். கறுப்பு ரெக்சின், முதுகில் பொன்னெழுத்து. நாளைப் பகலுக்குள் கொடுத்தாக வேண்டும்.

மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து வைத்துவிட்டுத் தாள்களை எண்ணினேன். எண்ணாமல் ஊசியைத் தொடக் கூடாது என்பது என் வீட்டுக்காரர் வைத்த சட்டம். "தைப்பதற்கு முன்னால் தெரிந்தால் தப்பு, தைத்த பிறகு தெரிந்தால் நஷ்டம்" என்பார். அவர் போய் ஒன்பது வருடமாகிறது. சட்டம் மட்டும் அமலில் இருக்கிறது. நான்காம் படியில் 112-ஆம் பக்கத்தைக் காணோம். வண்ணப் படங்கள் உள்ள தாள். என் ஜெராக்ஸ் இயந்திரத்துக்குக் கறுப்பைத் தவிர வேறு நிறம் தெரியாது. போனில் சொன்னதும் அழுதுவிட்டாள். "ஒரு தாளுக்கா அழுவார்கள்? முதல் பஸ்ஸில் கொண்டு வா" என்றேன்.

மே 24

ஆறேகாலுக்கே வந்துவிட்டாள், தாளை மார்போடு அணைத்துக்கொண்டு. பரங்கிப்பேட்டையில் அந்த நேரத்தில் யார் கடை திறந்து அச்சடித்துக் கொடுத்தார்களோ!

அவள் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் ஆய்வேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ ஆய்வேடுகளைத் தைத்திருக்கிறேன். அட்டையில் பெயர் சரியா என்று பார்ப்பதோடு சரி. கழிநண்டு சேற்றிலும் அலையாத்தி வேர்களுக்கு இடையிலும் வளர்ந்து, பெண் நண்டு முட்டையிடக் கடலுக்குப் போய்விடுமாம். கழிமுகத்துக்குத் திரும்பி வருவது குஞ்சுகளாம். இத்தனை காலம் குழம்பு வைத்திருக்கிறேன், இது தெரியாது.

போகும்போது "ரொம்ப நன்றி அம்மா" என்றாள். கடைக்கு வந்த புதிதில் அக்காவாக இருந்தேன். எந்த வருடம் ஆன்ட்டி ஆனேன் என்று தெரியவில்லை. அம்மா ஆனது இன்றைக்கு.

ஜூன் 15

வேலை இல்லை. மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் போனது.

முன்பெல்லாம் மே மாதம் இப்படித் தூங்காது. 1979-இல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கிய பிறகு, பி.சி.பி. என்கிற நேரடி வகுப்புக்கு என்று பள்ளி ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வந்து இறங்குவார்கள். சிலர் குழந்தை குட்டிகளோடு வருவார்கள். எங்கள் திண்ணைக்குக்கூட வாடகை உண்டு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக உட்கார்ந்துதான் பி.ஏ. வரலாறு முடித்தேன், மடியில் மகனோடு. 1929-இல் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம் 2013-இல் அரசு வசம் போனது என்பதை வரலாறாகச் சொல்லலாம். எங்கள் தெருவுக்கு வரலாறு என்றால் அந்தத் திண்ணைக் கூட்டம்தான்.

ஜூலை 8

சேர்க்கை தொடங்கிவிட்டது. ஊருக்கு உயிர் வந்துவிட்டது. பரோட்டா கிடைத்த தைரியத்தில் நாய்கள் என்னைக் கண்டுகொள்வதில்லை.

தருமபுரியிலிருந்து ஓர் அப்பாவும் மகனும் விடுதிக்கு வழி கேட்டார்கள். "ராசேந்திரன் சிலைக்குப் போய்க் கேளுங்கள்" என்றேன்.

"ராசேந்திர சோழனா?"

"இல்லை ஐயா, இங்கே படித்த மாணவன். 1965 ஜனவரி 27, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனான்."

அவர் மகனை ஒரு முறை பார்த்தார். பிறகு, அறையில் காற்று வருமா என்று கேட்டார். வராது என்று உண்மையைச் சொல்லி, மேசை விசிறியை எடுத்துக் காட்டினேன். இருநூற்றைம்பது சொன்னேன். நூற்றெண்பதுக்கு இறக்கிவிட்டார் மனிதர். சத்தம் போடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.