கூம்புத் தண்டும் மரப் புரொப்பெல்லரும்

பைப்பர் ஜே-3 கப் விமானத்தில் ஸ்டார்ட்டர் கிடையாது, மின்சார வசதியே கிடையாது. 65 குதிரைத்திறன் உள்ள கான்டினென்டல் ஏ-65 எஞ்சினைக் கிளப்ப ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் இழுத்துவிட வேண்டும். பென்சில்வேனியாவில் சின்ன விமானத்தளம் ஒன்றில் மெக்கானிக்காக இருக்கிறேன். இதே மாநிலத்தின் லாக் ஹேவனில் 1947 வரை தயாரான இந்த விமானங்கள் இன்னும் எங்களிடம் வேலைக்கு வருகின்றன. புதிதாகச் சேரும் பையன்களுக்கு எஞ்சினைப் பிரித்துப் பார்க்கத்தான் ஆசை. நான் முதலில் புரொப்பெல்லரைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுப்பேன். எஞ்சினின் சக்தி முழுவதும் அந்த ஒரு இணைப்பு வழியாகத்தான் வெளியே வருகிறது.

தொடுவதற்கு முன் பற்றவைப்பு சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை நம்பிவிடவும் கூடாது. பேட்டரி இல்லாமல் தானே பொறி தரும் மேக்னெட்டோவின் எர்த் வயர் அறுந்திருந்தால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் பொறி வரும். அதனால் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிடச் சொல்வேன். அழுத்தம் இல்லாத எஞ்சின் உதைக்காது.

ஏ-65இன் கிராங்க்ஷாஃப்ட், அதாவது எஞ்சினின் சுழல் தண்டு, முனையில் கூம்பு வடிவம். அதன்மேல் புரொப்பெல்லரைத் தாங்கும் எஃகு ஹப் உட்காரும், நடுவில் ஒரு பெரிய நட் இறுக்கும். ஹப்பின் உள்பள்ளத்தில், நட்டுக்கு முன்னால், ஒரு ஸ்னாப் ரிங், அதாவது பள்ளத்தில் பொருந்தும் வளையம், இருக்கிறது. நட்டைப் பூட்டும் க்ளெவிஸ் பின்னை எடுத்துவிட்டு நட்டைத் திருப்பினால் முதலில் இளகும், கொஞ்சம் சுற்றியதும் மறுபடி இறுகும். இங்கேதான் பலர் மரை பிடித்துக்கொண்டது என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் நட்டின் தோள் அப்போது ஸ்னாப் ரிங்கில் முட்டி நிற்கிறது. தொடர்ந்து திருப்பினால் அந்த நட்டே ஹப்பைக் கூம்பிலிருந்து வெளியே இழுத்துவிடும். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இது தெரியாமல் ரிங்கை முதலிலேயே கழற்றிவிட்டால் இழுக்க வழியில்லை, அடுத்து கை சுத்தியலுக்குப் போகும். அந்த அடி கிராங்க்ஷாஃப்ட்டுக்குள் போய் இறங்கும். சுத்தியல் எடுப்பதை நான் அனுமதிப்பதே இல்லை.

கழற்றியதும் தண்டில் சாவி (ஹப் நழுவாமல் வைக்கும் சிறு உலோகத் துண்டு) உட்காரும் பள்ளத்தை நன்றாகத் துடைத்துப் பார்ப்பேன், விரிசல் தொடங்க அதுதான் வாகான இடம். சந்தேகம் இருந்தால் காந்தத்தூள் சோதனைக்கு அனுப்பிவிட வேண்டும். அப்புறம் கூம்பின்மேல் பிரஷ்யன் ப்ளூ என்ற நீலப் பசையை மெல்லிய படலமாகத் தடவி, ஹப்பை மாட்டி இறுக்கி, மறுபடி கழற்றுவேன். ஹப்பின் உள்ளே நீலம் எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். குறைந்தது 70 சதவீதப் பரப்பில் நீலம் பதிய வேண்டும். ஒரு விளிம்பில் மட்டும் வளையமாகப் பதிந்திருந்தால் ஹப் அந்த வளையத்தில் மட்டும்தான் தொற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் குறை தீராது. சுமையைத் தாங்குவது கூம்பின் பொருத்தம்தான். சாவியை எடுத்துவிட்டு மெல்லிய அரைப்புக் களிம்பால் பொறுமையாகத் தேய்த்துப் பொருத்த வேண்டும், முடிந்ததும் களிம்பு துளிகூட மிஞ்சாமல் கழுவ வேண்டும்.

இனி மரம். இந்த விமானங்களில் பெரும்பாலும் சென்செனிச் நிறுவனத்தின் 72 அங்குல மரப் புரொப்பெல்லர்தான் இருக்கும். போல்ட் துளைகளைச் சுற்றி மரம் கருகியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். ஹப்பும் மரமும் ஒன்றோடொன்று அழுந்திய உராய்வில்தான் விசை கடத்தப்படுகிறது. பிடி தளர்ந்தால் ஒவ்வொரு சிலிண்டர் வெடிப்புக்கும் மரம் நூலிழை நகரும், சூடாகும், கருகும். கடைசியில் போல்ட்டே முறியலாம். கருகிய புரொப்பெல்லரை நான் திரும்ப மாட்டமாட்டேன், உரிமையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

மாட்டும்போது போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பிறகு ஒரு கட்டையைத் தரையில் அசையாமல் வைத்து, புரொப்பெல்லரின் இரண்டு இறக்கை நுனிகளும் அதை ஒரே தூரத்தில் கடக்கின்றனவா என்று பார்ப்போம். மரத்துக்கு 1/8 அங்குலம் வரை வித்தியாசம் ஒப்புக்கொள்ளலாம். எல்லாம் சரியாக இருந்தால்தான் போல்ட்டுகள் திரும்பாமல் கட்டும் சேஃப்டி வயர். இறக்கை நுனியின் உலோகத் தகட்டில் ஈரம் வெளியேறச் சின்னத் துளைகள் உண்டு. வார்னிஷ் அடிப்பவர்கள் அதை அடைத்துவிடுவார்கள், ஊசியால் திறந்துவிட வேண்டும். வண்டியை நிறுத்தும்போது புரொப்பெல்லரைப் படுக்கை வசத்தில் விடச் சொல்வதும் இந்த ஈரத்துக்காகத்தான். செங்குத்தாக விட்டால் ஈரம் கீழ் இறக்கையில் இறங்கிச் சமநிலை கெடும்.

இங்கே கோடையில் காற்று ஈரமாக இருக்கும், மரம் ஊதி ஹப்பின் தகட்டுக்கடியில் நசுங்கும். குளிர்காலத்தில் சூடேற்றிய ஹேங்கரில் அதே மரம் காய்ந்து சுருங்கும். ஜூலையில் சரியாக இறுக்கிய போல்ட், ஜனவரியில் யாரும் தொடாமலே தளர்ந்திருக்கும். அதனால் மாட்டிய பின் முதல் பறப்பு முடிந்ததும் ஒருமுறை, 25 மணி நேரம் பறந்ததும் ஒருமுறை, பிறகு குறைந்தது 50 மணி நேரத்துக்கு ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும். வருடத்துக்கு 20 மணி நேரம்கூடப் பறக்காத உரிமையாளர்கள் இந்தக் கணக்கைச் சொல்லியே தப்பிக்கப் பார்ப்பார்கள். அவர்களுக்கு நான் மணிக்கணக்கு சொல்வதில்லை. பருவம் மாறும்போது ஒருமுறை கொண்டுவாருங்கள், வயரை வெட்டி இறுக்கிப் புது வயர் கட்ட அதிக நேரம் ஆகாது, நீங்கள் காபி குடித்துக்கொண்டே பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்பேன். பெரும்பாலானவர்கள் வந்துவிடுகிறார்கள். வராதவர்களை நானே போன் செய்து கூப்பிடுகிறேன்.