பாலத்து நடுவில் நிறுத்திய வண்டி

போன மாதம் மகன் ஒரு பழைய ஆர்எக்ஸ் 100 பைக் வாங்கிக்கொண்டு வந்தான். டேங்க் அடியில் துரு, சீட் கிழிசல், செயின் கவர் இல்லை. அவன் கொடுத்த விலையைக் கேட்டு அவன் அம்மா ரெண்டு நாள் அவனோடு பேசவில்லை. எனக்குக் கோபமே வரவில்லை, அந்தக் கிக்கரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

பாம்பன்காரனுக்கு அந்த வண்டி வேறு மாதிரி. 1988 அக்டோபரில் ரோட்டுப் பாலம் திறக்கிற வரைக்கும் எங்களுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மண்டபம் ஊருக்குப் போக ரயிலை விட்டால் படகுதான். வண்டி வைத்திருந்தவனும் தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று தீவுக்குள்ளேயேதான் சுற்ற வேண்டும். பாலம் திறந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. நண்பனுடைய அண்ணன் வண்டியில் மூன்று பேர் ஏறி, பாலத்து உச்சியில் நிறுத்தி, கீழே ரயில் பாலமும் வல்லங்களும் தெரிய, வாடைக் காற்றில் சட்டை உப்பிக்கொண்டு நிற்போம். கூலிங் கிளாஸ் ஒன்றுதான் இருந்தது, ஆளுக்குக் கொஞ்ச நேரம் மாட்டிக்கொள்வோம். போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அது போதும், ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓடும்.

அப்பாவுக்கு இதெல்லாம் ஆகாது. "பெட்ரோலுக்குப் பிடிச்ச கேடு" என்பார். ஆனால் அவர் காலத்துக் கதை எனக்குத் தெரியும். எழுபதுகளில் அவர் பெல்பாட்டம் போட்ட ஆள். கால் நுனி தேயாமலிருக்க அடியில் சுற்றி ஜிப் வைத்துத் தைத்தது. அம்மா பெட்டியில் பார்த்திருக்கிறேன், உப்புக்காற்றில் ஜிப் பச்சை பிடித்து, துணியிலும் அந்தக் கறை ஏறியிருந்தது. தோளில் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர், அதில் இலங்கை வானொலி. எங்கள் கரையில் அது அத்தனை தெளிவாக எடுக்கும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர்கூடக் கிடையாதே. சாயங்காலம் அவர் அதோடு கடற்கரையில் நடந்தால் பின்னாலேயே ஒரு கூட்டம் வருமாம்.

அவர்கள் அதை ஸ்டைல் என்றார்கள், நாங்கள் பந்தா என்றோம், பிறகு கெத்து வந்தது, இப்போது மகன் வாயில் 'வைப்'. சொல்லுக்கே வயசாகிவிடுகிறது.

ஒரு நாள் அப்பாவிடம் கேட்டேன், ஏன் அதையெல்லாம் விட்டீர்கள் என்று. அவர் யோசிக்கவே இல்லை. "நாங்க ஒம்பது பேரு சேக்காளி. அவனுக பாக்கணும்னுதான் போட்டேன். ஆளுக்கொரு பக்கம் போயிட்டானுக, அப்புறம் யாருக்குப் போட?"

இது எனக்கு ரொம்ப நாள் மனதில் ஓடியது. வயசானால் ரசனை மாறிவிடுகிறது, பொறுப்பு வந்துவிடுகிறது என்றுதான் சொல்கிறோம். பார்க்கிற கண்கள் கலைந்து போவதுதான் நிஜக் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். என்னோடு அந்த வண்டியில் வந்த ஒருவன் கத்தாரில் இருக்கிறான், இன்னொருவன் இல்லை. மகனுடைய வண்டியில் தனியாகப் பாலம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். சத்தம் அதேதான். நிறுத்தத் தோன்றவில்லை, மண்டபம் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அவனுக்கோ அந்த வண்டி பழசு என்பதுதான் அழகு. 1996-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், இனி வராது என்று பெருமையாகச் சொல்கிறான். எங்களுக்கு அது புதுசு என்பதால் அழகாக இருந்தது. வண்டி திரும்பி வந்திருக்கிறது, எங்கள் காலம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு அரிச்சல்முனைக்குக் கிளம்பினான். இப்போது பசங்க போடுகிறார்களே, தொளதொளவென்று கால் அகலமான பேண்ட், அதுதான். திண்ணையில் படுத்திருந்த அப்பா தலையைத் தூக்கி அவன் காலையே பார்த்தார்.

"டேய், செயின்ல மாட்டிக்கிரும். ரெண்டு மடிப்புச் சுருட்டி விட்டுட்டுப் போ."