யாருடைய எட்டு மணி?

பண்டாரவளையில் அக்கா நடத்தும் சின்னத் தேயிலைக் கடையின் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதி அனுப்புவது என் பொறுப்பு. ஊரில் புதிதாக வியாபாரம் தொடங்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது, "எத்தனை மணிக்கு அனுப்பினால் நல்லது?" என்பதைத்தான். யாருடைய மணி என்று முதலில் பாருங்கள்.

ஜேர்மனியில் காலை எட்டு என்றால் குளிர்காலத்தில் நமக்குப் பகல் 12.30. மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளியதும் அதே எட்டு நமக்கு 11.30 ஆகிவிடும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு பழையபடி 12.30. இலங்கை நேரத்தில் குறித்து வைப்பவர்கள் இந்த இரண்டு நாட்களையும் மறக்கவே கூடாது.

ஆனால் மணியை விடப் பருவம்தான் பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பண்டாரவளை இருக்கும் ஊவா மாகாணத்தில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும்போதுதான் தேயிலையில் அந்தத் தனி வாசனை ஏறும். அந்தச் சரக்கு கடைக்கு வந்த வாரமே மெயில் போக வேண்டும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலை விற்பவர்களுக்கு அது ஜனவரியிலிருந்து மார்ச் வரை.

சரி, எந்த மெயில் நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு வருவோம். 400 பேர் உள்ள லிஸ்ட்டை இரண்டாகப் பிரித்து, தலைப்பை மட்டும் மாற்றி அனுப்புகிறீர்கள். ஒரு பாதியில் 8 பேர், மறு பாதியில் 12 பேர் மெயிலில் உள்ள இணைப்பைக் கிளிக் செய்தால் 12 வென்றதாக அர்த்தமில்லை. அடுத்த தடவை அப்படியே தலைகீழாக வரலாம். லிஸ்ட் சிறிதாக இருந்தால் ஒரு சொல்லை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. படம் நிறைந்த மெயிலா, நாலு வரிக் கடிதமா என்று பெரிய வித்தியாசத்தை வைத்துப் பாருங்கள். அதையும் சில தடவை திருப்பிச் செய்து மொத்தத்தைக் கூட்டுங்கள். பிரிப்பதைக் குலுக்கல் முறையில்தான் செய்ய வேண்டும். பழைய வாடிக்கையாளர்கள் ஒரே பக்கம் சேர்ந்தால் கணக்கே கெட்டுப்போகும்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நான் பார்ப்பதே இல்லை. மெயிலில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். 2021இல் அப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த வசதி அந்தப் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிக்கொள்கிறது; ஆள் பார்க்காவிட்டாலும் திறந்ததாகப் பதிவாகும். கிளிக்கையும் ஓடரையும் எண்ணுங்கள்.

வரும் ஜூலையில் ஒரு பாதிப்பேருக்குத் தலைப்பில் விலையையும், மறு பாதிக்குப் பறித்த வாரத்தையும் தோட்டம் இருக்கும் உயரத்தையும் போடப் போகிறேன். ஓடர் வந்ததும் கணக்கை இங்கேயே எழுதுகிறேன்.