மூன்று மணிக்குப் பத்து நிமிடம்: அலுவலகக் கலகலப்பு பற்றி ஒரு நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

அலுவலகத்தில் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் விளையாட்டு வைப்பதென்றால், அதற்கு முன்னால் எரிச்சல்களின் பட்டியல் வேண்டும். பிரிண்டரில் தாள் சிக்குகிறது, நாற்காலி ஒரு பக்கம் சாய்கிறது, லீவு கேட்டு நான்கு நாளாகப் பதில் இல்லை என்றிருக்கும் இடத்தில் பலூன் கட்டினால், "இதற்குப் பணம் இருக்கிறது, நாற்காலிக்கு இல்லையா?" என்ற கேள்விதான் எழும். நியாயமான கேள்வி. அதிருப்தி தருபவை வேறு, நிறைவு தருபவை வேறு என்று உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் பிரித்துக் காட்டினார். ஒரு பக்கத்துக் குறையை மறுபக்கத்து இனிப்பால் மூட முடியாது.

ஒரு பெட்டி, எல்லோருக்கும் ஒரு துண்டுச்சீட்டு, இரண்டு கேள்விகள் போதும். இந்த வாரம் எது எரிச்சலூட்டியது? எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை? சீட்டில் பெயரோ பிரிவோ வேண்டாம். ஐந்து பேருக்குக் குறைவான பிரிவில் பிரிவைக் கேட்டாலே ஆள் தெரிந்துவிடும். கையெழுத்தும் காட்டிக்கொடுக்கும், அதனால் பத்துப் பதினைந்து பொதுவான குறைகளை அச்சிட்டு, டிக் செய்யச் சொல்வது மேல். வரும் குறைகளில் இரண்டையாவது இரண்டு வாரத்துக்குள் சரிசெய்து, சரிசெய்ததைச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 5, புதன்

எப்போது? வேலை நேரத்துக்குள்ளேதான். மாலை வேலை முடிந்த பிறகு வைத்தால், குழந்தையை அழைத்து வரவும் வண்டி பிடிக்கவும் ஓடுகிறவர்கள் வர முடியாது. நாலைந்து முறை வராதவருக்கு "இவர் ஒட்டமாட்டார்" என்ற பெயர் விழுந்துவிடும். அவருக்கு ஆர்வம் இல்லை என்பதல்ல காரணம், நேரம் தப்பு.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் சோர்வு தட்டும் வேளை, சுமார் மூன்று மணி, நன்றாகப் பொருந்துகிறது. பத்து நிமிடம் போதும், பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. வாரம் ஒரு நாள், அதே நாள். மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் வேண்டவே வேண்டாம். தொலைபேசியும் கவுன்ட்டரும் ஆளில்லாமல் கிடக்க முடியாது என்றால் சுழற்சிமுறை போடுங்கள். ஷிப்ட் வேலையென்றால் ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனியாக வையுங்கள். பகல் ஷிப்டுக்கு மட்டும் கலகலப்பு, இரவு ஷிப்டுக்கு மிஞ்சிய கேக் என்பது தொடங்காமலே இருப்பதைவிட மோசம்.

மார்ச் 6, வியாழன்

வர மறுக்கும் உரிமைதான் இந்த வேலைக்கே அஸ்திவாரம். ஈத்தன் மோலிக், நான்சி ராத்பார்ட் என்ற மேலாண்மை ஆய்வாளர்கள் இருவரும் விற்பனை ஊழியர்களிடம் வேலையை விளையாட்டாக மாற்றிப் பார்த்தார்கள். மனம் ஒப்பி ஆடியவர்களுக்கு வேலையில் உற்சாகம் கூடியது, ஒப்பாதவர்களுக்குக் குறைந்தது. அதே விளையாட்டுதான்.

"எல்லோரும் வாங்க" என்று மேலாளர் வாய்திறந்தாலே அது உத்தரவு. அழைப்பு அவரிடமிருந்து வரக் கூடாது. ஆடலாம், பார்க்கலாம், மதிப்பெண் எழுதலாம், தன் இடத்திலேயே வேலையைத் தொடரலாம் என்று நான்கு வழியையும் அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். வருகைப் பதிவு வேண்டாம். வருடாந்தர மதிப்பீட்டில் "குழுவோடு கலந்து பழகுகிறார்" என்ற வரிக்கு இதை ஆதாரமாக எடுக்கவே கூடாது. நிறுவனத்தின் 'ஜாலி' கலாச்சாரத்துக்கு ஒத்துவரவில்லை என்று நீக்கப்பட்ட ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2022 நவம்பரில் பிரான்சின் உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த மறுப்பு அவருடைய கருத்துச் சுதந்திரம் என்று அவர் பக்கம் நின்றது.

மார்ச் 11, செவ்வாய்

எதில் தொடங்கலாம் என்றால், ஜிக்சா மேசை: துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் புதிர். கைதட்டல் இல்லை, பேச்சு இல்லை, தொகுப்பாளர் இல்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்களையும் இதுவே முதலில் இழுக்கிறது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய கட்டாயமில்லாமல், துண்டைத் தேடிக்கொண்டே பேச முடிகிறது. எந்த நொடியிலும் விலகிப் போகலாம். யாரும் கவனிக்கப் போவதில்லை.

ஐந்நூறு துண்டுப் புதிர் ஒன்று வாங்குங்கள். ஆயிரம் துண்டு முதல் முறைக்கு அதிகம், பாதியில் அலுத்துவிடும். படத்தில் வானமும் கடலும் பாதியை அடைத்துக்கொள்ளக் கூடாது. நிறங்கள் நிறைய இருக்க வேண்டும். மேசையின் மேல் 80 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலத்தில் கெட்டி அட்டையோ பலகையோ போட்டால், மேசை தேவைப்படும்போது அப்படியே தூக்கி நகர்த்தலாம். மூன்று தட்டுகள்: ஓரத் துண்டுகள், நிறம் பிரித்தவை, மீதி. முதல் நாளே ஓரத்தில் கால்வாசியை யாராவது சேர்த்துவைக்க வேண்டும். வெறும் குவியலைப் பார்த்தால் யாருக்கும் கை வைக்கத் தோன்றாது.

தண்ணீர் பிடிக்கப் போகும் வழி நல்ல இடம். உணவு மேசைக்குப் பக்கம் வேண்டாம், கறை படியும், துண்டு தொலையும். மேலாளர் அறையிலிருந்து தெரியும் இடமும் வேண்டாம். நிற்கிறவர்களை யாரோ எண்ணுகிறார்கள் என்ற நினைப்பே மேசையைக் காலியாக்கிவிடும்.

சிக்கல் இரண்டு வரும். ஆர்வமுள்ள ஒருவர் ஒரே மாலையில் முக்கால்வாசியை முடித்துவிடுவார். "ஒரு தடவைக்கு ஐந்து துண்டு" என்று ஒரு சிறு அட்டை வைத்தால் தீர்ந்தது. இன்னொன்று, கடைசித் துண்டு காணாமல் போவது. பலகையைச் சுற்றி விரல் உயரத்துக்கு விளிம்பு ஒட்டினால் உருண்டு விழாது.

மார்ச் 13, வியாழன்

க்விஸ். நான்கு நிறச் சீட்டுகளைக் குலுக்கி எடுக்கச் சொல்லி அணி பிரியுங்கள். தாங்களாகப் பிரிந்தால் பழைய கூட்டணிகளே உட்காரும். ஓர் அணிக்கு நான்கு பேர். கயிறு இழுக்கும் சோதனைகளை வைத்து பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கல்மான் 1913-இல் வெளியிட்டது இன்றும் பொருந்துகிறது: ஆள் கூடக் கூட ஒவ்வொருவர் பங்கும் குறையும், எட்டுப் பேரில் ஏறக்குறைய பாதியாகிவிடும். எட்டுப் பேர் அணியில் மூன்று பேர் பேசுவார்கள், ஐந்து பேர் கூரையைப் பார்ப்பார்கள்.

பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் முப்பது விநாடி: ஐந்து நிமிடம். அணி சேர இரண்டு, தாள் மாற்றித் திருத்த மூன்று. ஆகப் பத்து நிமிடம். முதல் கேள்வி எல்லா அணிக்கும் தெரிந்ததாக இருக்கட்டும். படம் பார்த்துச் சொல்வது இரண்டு, ஒலி கேட்டுச் சொல்வது இரண்டு கலந்தால், பொது அறிவில் புலி இல்லாதவருக்கும் இடம் கிடைக்கும். விடை தாளில்தான், சத்தமாகச் சொல்லச் சொன்னால் வேகமான ஒரே குரல்தான் கேட்கும்.

மார்ச் 14, வெள்ளி

பரிசு: பணம் வேண்டாம். உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் புதிர்களை வைத்துச் செய்த சோதனையில், காசு வாங்கிப் பழகியவர்கள் காசு நின்றதும் புதிரைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். முன்கூட்டி அறிவிக்காத, அணி முழுக்கப் பகிரக்கூடிய சின்னப் பொருள் போதும்.

மார்ச் 18, செவ்வாய்

கேலி எங்கே காயமாகிறது என்பதில் மயக்கம் வேண்டாம். உருவம், பேச்சு வழக்கு, வயது, திருமணம், சம்பளம் இவற்றைத் தொடும் எதுவும் கிடையாது. 'தாமதத் திலகம்', 'தூங்குமூஞ்சி' மாதிரிப் பட்டங்கள் அன்றைக்குச் சிரிப்பு, பிறகு வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும் பெயர். சம்பந்தப்பட்டவர் சிரித்தார் என்பது சம்மதம் ஆகாது. பத்துப் பேர் நடுவில் வேறென்ன செய்வார்?

பிறந்தநாளும் இதில் சேர்த்திதான். எல்லோர் முன்பும் கொண்டாடலாம், என் குழுவோடு போதும், வேண்டாம் என்று மூன்று கட்டங்கள் உள்ள படிவத்தைச் சேரும் நாளிலேயே கொடுத்துவிட்டால் குழப்பம் இல்லை. வருடம் ஒருமுறை மாற்றிக்கொள்ளவும் விடுங்கள். புகைப்படத்தை வெளியே பகிர்வதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள். பாதிப் பேர் ஒரே அறையில் ஒரு திரை முன்னாலும், மீதிப் பேர் தனித்தனியாகவும் இருந்தால், அறையில் இருப்பவர்கள் தங்களுக்குள் சிரிக்க, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு எல்லோருமே தனித்தனித் திரையில் வர வேண்டும். மூன்று நான்கு பேராகப் பிரித்து, ஒருவர் ஒரு வடிவத்தைச் சொல்ல மற்றவர்கள் வரைவது நன்றாக ஓடுகிறது. சொல்ல மூன்று நிமிடம், காட்டிச் சிரிக்க இரண்டு. கேமரா அவரவர் விருப்பம். தாளை மட்டும் காட்டினாலும் சரி.

மார்ச் 25, செவ்வாய்

ஆட்குறைப்பு, விபத்து, சக ஊழியரின் இறப்பு: நிறுத்திவிடுங்கள். எத்தனை வாரம் என்பதை ஊழியர்களிடமே கேட்க வேண்டும்.

மார்ச் 28, வெள்ளி

பலன் தெரிந்ததா என்று இரண்டாவது வாரத்திலேயே கேட்பார்கள். சிகாகோ அருகே ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகளில், விளக்கொளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி உயர்ந்ததாகச் சொல்லப்பட்டது. பின்னால் வந்தவர்கள் அந்தக் கணக்கையே கேள்வி கேட்டிருக்கிறார்கள். எப்படியானாலும், தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்பதாலும் புதுமையாலும் தொடக்கத்தில் ஒரு துள்ளல் இருக்கும். எட்டு வாரமாவது கழித்து எண்ணுங்கள்.

எதை எண்ணுவது? கூப்பிடாமலே திரும்ப வந்தவர்கள் எத்தனை பேர், வேறு வேறு பிரிவினர் சேர்ந்து சாப்பிடுகிறார்களா, பெயரில்லாச் சீட்டில் "இந்த வாரம் எப்படி?" என்பதற்கு 1 முதல் 5 வரை என்ன வந்தது. இதையே தொடங்குவதற்கு முன்னும் கேட்டு வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். எண் நகரவில்லை என்றால் விளையாட்டை மாற்றுவதற்கு முன் மார்ச் 3 பெட்டியைத் திரும்பத் திறந்து, சரிசெய்வதாகச் சொன்னது சரியாயிற்றா என்று பாருங்கள்.

நடத்துபவரை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், இரண்டு பேராக, ஒருவர் பழையவர், ஒருவர் புதியவர். ஒரே ஆள் சுமந்தால் அவர் லீவு போட்ட வாரமே எல்லாம் நின்றுவிடும். கைமாற்றும் பெட்டியில் நிறச் சீட்டுகள், பென்சில்கள், ஒரு கடிகாரம், கேட்டு முடித்த கேள்விகளின் பட்டியல், பிறந்தநாள் படிவங்கள் பூட்டிய உறையில்.