சுழி நிமிடத்தில் தெரிந்த புள்ளிகள்

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருடம் என்னிடம் கொடுத்த வேலை இது: ஈ.ஜி.எஃப் என்கிற வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும், அதைப் பிடிக்கும் மேற்பரப்புப் புரதமான ஏற்பியைச் செல் எப்படி உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று படம் பிடிக்க வேண்டும். ஹீலா என்ற மனிதச் செல்களை இரவு முழுக்கச் சீரம் (வளர்ச்சிக் காரணிகள் உள்ள ரத்த நீர்) இல்லாமல் வைத்திருப்போம். காலையில் தட்டுகளை ஐஸ் மேல் வைத்து, ஒளிரும் சாயம் ஏற்றிய ஈ.ஜி.எஃப்பை ஊற்றுவோம். அந்தக் குளிரில் அது ஏற்பியில் ஒட்டும், உள்ளே போகாது. மிச்சத்தைக் கழுவிவிட்டு 37 டிகிரிக்கு மாற்றினால்தான் பயணம் தொடங்கும். 2, 5, 15, 30 நிமிடம் என்று ஒவ்வொரு தட்டாக எடுத்து நிறுத்துவோம்.

37 டிகிரிக்கு மாற்றாமலே நிறுத்தும் தட்டுதான் சுழி நிமிடத் தட்டு; அதில் ஈ.ஜி.எஃப் உள்ளே போயிருக்கக் கூடாது. எனக்கோ அதிலேயே செல்லுக்குள் ஒளிரும் புள்ளிகள். மூன்று முறை செய்தும் அப்படியேதான். சாயத்தைச் சந்தேகித்தேன், மைக்ராஸ்கோப்பைச் சந்தேகித்தேன். கடைசியில் சீனியர் ஒருவர் நான் கழுவுவதைப் பார்த்துவிட்டு, "பஃபர் எங்கே இருந்துச்சு?" என்றார். கழுவும் அந்தக் கரைசல் ஐஸில் இல்லாமல் மேசை மேல் இருந்தது. குளிர் விட்டுப்போன அந்தச் சில நிமிடங்களே செல்லுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

போதும்தான். ஈ.ஜி.எஃப் ஒட்டியதும் ஏற்பிகள் இரண்டிரண்டாக இணைந்து, ஒன்றின் வாலில் மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றுகிறது. சிபிஎல் என்ற புரதம் வந்து யூபிக்விட்டின் என்ற குட்டிப் புரதத்தை அடையாளமாகக் கோக்கிறது. சவ்வின் உட்பக்கம் மூன்று கால் கொண்ட கிளாத்ரின் புரதங்கள் கூடி வலை பின்ன, அந்த இடம் குழிகிறது. குழியின் கழுத்தை டைனமின் என்ற புரதம் சுற்றி நெரித்து அறுத்துவிடுகிறது. ஒரு குழி உருவாகி அறுபட ஒரு நிமிடம் போல்தான் ஆகும்.

உள்ளே போனதும் ஏற்பி செல்லுக்குத் தரும் சமிக்ஞை நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் உள்ளே இழுத்தவை போய்ச் சேரும் பையான எண்டோசோமுக்குப் போன பிறகும், ஏற்பியின் வால் பைக்கு வெளியே, செல்லின் உட்பொருளான சைட்டோபிளாசத்தில்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது, பேசிக்கொண்டும் இருக்கிறது. அதற்கப்புறம் நடப்பதுதான் எனக்கு இன்னும் வியப்பு. அதே ஏற்பியில் டி.ஜி.எஃப்-ஆல்ஃபா என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி ஒட்டியிருந்தால், எண்டோசோமின் லேசான அமிலத்தில் கழன்றுவிடும். ஏற்பி பெரும்பாலும் மேற்பரப்புக்கே திரும்பிவிடும். ஈ.ஜி.எஃப் பிடியை விடாது. யூபிக்விட்டின் அடையாளத்தோடு அந்த ஏற்பி எண்டோசோமுக்குள்ளேயே இருக்கும் குட்டிப் பைகளுக்குள் தள்ளப்படும். அப்போதுதான் வாலும் மூடிக்கொள்ளும், பேச்சும் அடங்கும். பிறகு, செரிக்கும் நொதிகள் நிறைந்த பையான லைசோசோமில் செரிமானம்.

1976-இல் கிரஹாம் கார்பென்டரும் ஸ்டான்லி கோஹனும் கதிரியக்க அயோடின் ஏற்றிய ஈ.ஜி.எஃப்பை வைத்து, 37 டிகிரியில் செல் அதைச் சிதைத்துவிடுவதையும் 0 டிகிரியில் சிதைக்காததையும் காட்டினார்கள். அந்தக் கட்டுரையை முன்பே படித்திருந்தேன். குளிருக்கு இவ்வளவு வேலை இருப்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் பஃபர் பாட்டிலை முதல் நாள் இரவே ஐஸ் அறையில் வைத்துவிட்டு மறுபடி செய்தேன். 5 நிமிடத் தட்டில் ஓரமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். 30 நிமிடத்தில் அவை பெருத்து, உட்கருவை ஒட்டிக் குவிந்திருந்தன. சுழி நிமிடத் தட்டில் செல்லைச் சுற்றி மெல்லிய பச்சைக் கோடு மட்டும். அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.